ரேஸ் காரின் எடையைக் குறைப்பது எப்படி? மழைக்கால வேலைக்கான கேள்வி பதில்கள்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், புதுச்சேரியிலும் கடலூரிலும் ரேஸ் வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பட்டறைக் காலம் தொடங்கிவிடுகிறது. பந்தயம் நடப்பது சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலும். வண்டி பிரித்துப் போடப்படுவது முத்தியால்பேட்டைச் சந்திலும் முதுநகர் ஷெட்டிலும். பொங்கல் வரை கிடைக்கும் இந்த இடைவெளியில் பழைய எஸ்டீம், மாருதி 800, முதல் தலைமுறை ஸ்விஃப்ட் வைத்திருக்கும் இளைஞர்கள் வந்து கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

எடையைக் குறைத்தால் உண்மையிலேயே வேகம் கூடுமா? முதலில் இன்ஜினைத்தானே கவனிக்க வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எம்.பி.எஃப்.ஐ. எஸ்டீம், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை, 85 குதிரைத்திறன் தரும். வண்டி சுமார் 875 கிலோ. ஓட்டுபவர் 70 கிலோ என்றால் மொத்தம் 945 கிலோ. இதில் 120 கிலோவைக் குறைத்தால் 825 கிலோ. இதே பலனை எடையைத் தொடாமல் இன்ஜினில் இருந்து பெற வேண்டுமானால், அந்த இன்ஜின் 97 குதிரைத்திறனுக்கு மேல் தர வேண்டும். கூடுதலாக 12 குதிரைத்திறன். கேம், பிஸ்டன், ஹெட் வேலை என்று இறங்கினால் அதற்கு எவ்வளவு செலவாகும் என்பது லேத் பட்டறைக்கு ஒருமுறை போனவர்களுக்குத் தெரியும்.

இன்ஜின் சக்தி நேர்ப்பாதையில்தான் உதவும். எடை குறைந்தால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பலன் கிடைக்கிறது. மேலே சொன்ன வண்டியில் ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் பிரேக்கில் சேரும் வெப்பம் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. டயரும் பிரேக் பேடும் கூடுதல் நாள் உழைக்கின்றன. சொந்தப் பணத்தில் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயம்.

வண்டியை எங்கே எடை போடுவது?

லாரி எடை மேடை போதும். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம் லாரி முனையத்தின் பக்கமும், கடலூரில் சிப்காட் பகுதியிலும் விசாரித்தால் சொல்வார்கள். முழு வண்டியை ஒருமுறை, முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டாங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்பதையும் சீட்டிலேயே குறித்து வையுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. 20 லிட்டர் வித்தியாசம் 15 கிலோவாக வந்து நின்று உங்களைக் குழப்பும்.

எடை மேடையின் காட்டி 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் நகரும். ஒரு கைப்பிடியின் எடையை அது சொல்லாது. அதனால் கழற்றும் ஒவ்வொரு பொருளையும் பழைய பேப்பர் கடைக்காரர் வைத்திருக்கிறாரே, அந்தத் தொங்கு தராசில் மாட்டி, ஒரு நோட்டில் எழுதுங்கள். பொருளின் பெயர், எடை, வண்டியில் அது முன்பக்கமா பின்பக்கமா, இடமா வலமா என்று நான்கு பத்தி போதும். இந்த நோட்டு இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

எதை முதலில் கழற்ற வேண்டும்?

செலவில்லாமல் போகும் எடையை முதலில். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ், பின்சீட், பக்கத்து சீட், மேட், கார்ப்பெட், மேற்கூரைத் துணி, ஸ்பீக்கர், டிக்கித் தட்டு. ஒரு ஸ்பானர் செட்டும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் இவ்வளவும் வெளியே வந்துவிடும். மொத்தக் குறைப்பில் பெரும் பங்கு இந்த முதல் நாளிலேயே கிடைப்பதைப் பார்த்துப் பலர் வியக்கிறார்கள்.

ஆனால் கழற்றுவதற்கு முன் நீங்கள் ஓடப்போகும் பிரிவின் விதிகளைப் படித்துவிடுங்கள். இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. ஒவ்வொரு ஆண்டும் விதிகளை வெளியிடுகிறது. எல்லாப் பிரிவுகளிலும் ஒரே அளவு மாற்றம் அனுமதிக்கப்படுவதில்லை. டூரிங் கார் பிரிவில் செல்லுபடியாகும் ஒன்று சூப்பர் ஸ்டாக்கில் செல்லாமல் போகலாம். போன ஆண்டு நண்பர் ஓடினார் என்பது, வண்டி விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் பதிலாகாது. கழற்றியதைக் காயலான் கடைக்குப் போடும் அவசரமும் வேண்டாம். விதி மாறினால் அந்தப் பொருளைத் திரும்பத் தேடி அலைய நேரிடும்.

ஏ.சி.யைக் கழற்றிவிடலாமா?

கழற்றலாம். கம்ப்ரசர், கண்டன்சர், கூலிங் காயில், குழாய்கள் எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 கிலோ வரை வரும். அதில் பெரும்பகுதி, ஏற்கெனவே கனமாக இருக்கும் வண்டியின் மூக்கில் இருக்கிறது, அதனால் இரட்டை லாபம். கியாஸைக் காற்றில் திறந்துவிடாதீர்கள். பழைய வண்டிகளில் இருக்கும் ஆர்-12 ஓசோன் படலத்தை அரிக்கும். பிந்தைய வண்டிகளின் ஆர்-134ஏ, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஏ.சி. மெக்கானிக்கிடம் இழுத்து எடுக்கும் இயந்திரம் இருக்கும். அங்கே போய் எடுத்துவிட்டு வாருங்கள்.

புளோயரையும் முன்கண்ணாடிக்குக் காற்று போகும் குழாயையும் மட்டும் விட்டு வையுங்கள். மழையில் ஓடும் பந்தயத்தில் உங்கள் மூச்சே கண்ணாடியை மூடிவிடும். வைப்பரும் அப்படியே இருக்கட்டும்.

தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டை எப்படிச் சுரண்டுவது?

இரைச்சலைக் குறைப்பதற்காகத் தொழிற்சாலையில் தரையிலும் ஃபயர்வாலிலும் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள சுவர்) ஒட்டிய தார்ப் பட்டைகள் இவை. சிறிய கார்களில் சில கிலோவில் இருந்து பத்து கிலோ வரை இருக்கும். உலர் பனிக்கட்டியைப் பரப்பி உறையவைத்து உடைப்பது ஒரு வழி. அது மைனஸ் 78 டிகிரி குளிர். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் போய்விடும். அது உருகாமல் நேரே கரியமில வாயுவாக மாறித் தரையோடு படியும். கதவு மூடிய ஷெட்டில் குனிந்து வேலை செய்தால் மூச்சு முட்டிவிடும். நான்கு கதவும் திறந்திருக்க, வெட்டவெளியில் மட்டும் செய்யுங்கள்.

உலர் பனிக்கட்டி கிடைக்காவிட்டாலும் குறையில்லை. நம் ஊர் வெயிலில் இந்தத் தார் அல்வா போல இழுபடும். உளியை வைத்தால் உளியோடு வரும், தகட்டை விடாது. மார்கழி விடியலில் அதே தார் இறுகிக் கிடக்கும். ஐந்தரை மணிக்கு ஷெட்டைத் திறந்து, அகலமான மழுங்கிய உளியைத் தகட்டோடு படுக்கவைத்து, பின்னால் ரப்பர் சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டினால் உள்ளங்கை அகலத் துண்டுகளாகப் பெயர்ந்து வரும். முதல் துண்டு பெயரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை வேலை நடக்கும். வெயில் ஏறி அது நின்றுவிட்டால் அன்றைக்கு மூட்டை கட்டிவிடுங்கள். மிச்சம் ஒட்டியிருக்கும் கறையை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடையுங்கள். பெட்ரோலைக் கொண்டு துடைக்கவே கூடாது.

ஒன்றைக் கவனியுங்கள். தகடுகள் சேரும் ஓரங்களில் கோடு கோடாகப் பூசியிருப்பது தார் அன்று, சீலர். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். அதைச் சுரண்டினால் எடை ஒன்றும் குறையாது, வண்டி மட்டும் ஒழுகும்.

இங்கே கடல் காற்று. வெறும் தகடு துருப்பிடித்துவிடாதா?

பிடிக்கும், அதுவும் ஒரே இரவில். காற்றில் வரும் உப்பு தகட்டில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; மழை மாதங்களில் அந்த ஈரம் காயவே காயாது. ஆகவே முழுத் தரையையும் சுரண்டிவிட்டுப் பிறகு பெயின்ட் அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அன்றைக்குச் சுரண்டிய பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ வைத்துக் காயவைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். அதன்மேல் மெல்லிய ஒரு பூச்சு போதும். வெள்ளை அல்லது இளஞ்சாம்பல் நிறம் அடித்தால் எண்ணெய்க் கசிவும் விரிசலும் உடனே கண்ணில் படும்.

கண்ணாடியையும் பானெட்டையும் கழற்றிய நிலையில் வண்டியை வைத்திருந்தால் வானிலை அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே இருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் இரண்டு ஊர்களுக்கும் இடையே கரையேறியபோது தகரக் கூரைகள் என்ன ஆயின என்பதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பழைய கண்ணாடிகளைத் திரும்ப மாட்டி, தார்ப்பாய் போட்டுக் கட்டி, வண்டியைச் சுவர் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள்.

வயரிங்கில் எவ்வளவு குறையும்? நானே வெட்டிவிடலாமா?

குறைவது சில கிலோதான். ஆனாலும் செய்ய வேண்டிய வேலை. பழைய வண்டிகளில் தீப்பிடிப்பது பெரும்பாலும் எவரோ நடுவில் ஒட்டுப்போட்ட வயரில் இருந்துதான். வெட்டுவதற்கு முன் சர்க்யூட் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயருக்கும் துணி டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும் எர்த் வயர்கள், பிரேக் விளக்கு, பின்பக்க மழை விளக்கு ஆகியவை இருந்தே ஆக வேண்டும். ஏர்பேக் உள்ள புதிய வண்டி என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்து, அந்த வேலை தெரிந்த எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

பானெட்டையும் டிக்கிக் கதவையும் ஃபைபரில் செய்ய வேண்டும். சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் பரவின. அவற்றைச் செய்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் நம் மீனவர் ஊர்களிலேயே இருக்கிறார்கள். ரெசினையும் மேட் எனப்படும் கண்ணாடி நார் விரிப்பையும் கையாள்வதில் அவர்களுக்கு உள்ள பழக்கம் கார் பட்டறைகளில் கிடைப்பது அரிது. உங்கள் பழைய பானெட்டின் மேல் மெழுகு பூசி அச்சு எடுப்பதில் இருந்து எல்லாவற்றையும் அவர்களோடு இருந்து செய்யலாம்.

அவர்களிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. படகு அலையைத் தாங்க வேண்டும். அதனால் அவர்கள் கை தானாக அடுக்கு மேல் அடுக்காகப் போடும். நமக்கு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் இரண்டு அடுக்கு போதும். அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சில விலாக்கள் வைத்துவிட்டால் காற்றில் அதிராது. 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 6.3 கிலோ. இரண்டு அடுக்கு ஃபைபர் 3 கிலோ சுற்றுவட்டாரத்தில் வரும். நான்கு அடுக்கு போட்டுவிட்டால் இரும்பின் எடையே வந்துவிடும், செலவுதான் வீண்.

மழைக்காலத்தில் ஃபைபர் வேலையைக் கடைசியில் வையுங்கள். ஈரக் காற்றில் மேட் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ரெசின் சரியாக இறுகாமல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். தை பிறந்து நான்கு நாள் வெயில் அடித்த பிறகு செய்த பானெட் நீடித்து நிற்கும். கீல், லாட்சை எடுத்துவிட்டு, பானெட்டை மேலிருந்து பூட்டும் ஊசிகள் (பானெட் பின்) போடுவதாக இருந்தால் நான்கு மூலைக்கும் போடுங்கள்.

கண்ணாடிகளை என்ன செய்வது?

முன்கண்ணாடியைத் தொடாதீர்கள். அது லேமினேட் கண்ணாடி. உடைந்தாலும் முகத்தில் கொட்டாது. பக்கக் கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் விதி அனுமதித்தால் பாலிகார்பனேட் போடலாம். ஒரே தடிமனில் கண்ணாடியின் பாதி எடைதான் இருக்கும். கூரைக்குச் சற்றுக் கீழே, அதாவது உயரத்தில் குறையும் எடை என்பதால் வளைவில் சாய்வும் குறையும். விளம்பரப் பலகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக்கை வாங்கிவிடாதீர்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அக்ரிலிக் கத்திமுனைத் துண்டுகளாக உடையும்.

பிராக்கெட்டுகளிலும் தகடுகளிலும் வரிசையாகத் துளை போட்டால் எடை குறையுமே?

ஒரு மில்லிமீட்டர் தகட்டில் 25 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் குறைவது 4 கிராமுக்கும் கீழே. நூறு துளை போட்டாலும் அரைக் கிலோ தேறாது. அந்த நூறு துளையின் விளிம்புகளும் விரிசல் தொடங்கும் இடங்கள், நம் ஊரில் துரு தொடங்கும் இடங்களும்கூட. பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு வாரத்தைச் செலவிட வேண்டாம். அந்த வாரத்தில் தாரைச் சுரண்டி முடித்துவிடலாம்.

அப்படியானால் எதையெல்லாம் வெட்டவே கூடாது?

சஸ்பென்ஷன் தூண்கள் உட்காரும் பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, சீட்டுக்கு அடியில் குறுக்கே போகும் உத்திரம், நடுத் தூண், முன்பக்கக் குறுக்குச் சட்டம். வண்டியின் விறைப்பு முழுவதும் இவற்றில் இருக்கிறது. டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கை எடுக்கலாம். அதற்குள் ஸ்டீயரிங் தண்டைத் தாங்கிக் குறுக்கே ஓடும் குழாயை விட்டுவிடுங்கள். ரோல் கேஜில், அதாவது வண்டி உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டில், பக்கவாட்டுக் கம்பி இல்லாத வண்டியில் கதவுக்குள் இருக்கும் மோதல் கம்பியையும் எடுக்கக் கூடாது.

ஃபயர்வாலில் ஏ.சி. குழாயும் ஹீட்டர் குழாயும் போன துளைகள் திறந்தபடி இருக்கும். தகடு வைத்து ரிவெட் அடித்து மூடுங்கள். இன்ஜின் பக்கம் தீப்பிடித்தால் உங்களுக்கும் தீக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு சுவர்தான்.

ரோல் கேஜ் எடையைக் கூட்டுகிறதே. மெல்லிய குழாயில் செய்யலாமா? அலுமினியத்தில்?

இரண்டும் கூடாது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதியின் பின்னிணைப்பு ஜே, பிரிவு 253 தெளிவாகச் சொல்கிறது: தலைக்குப் பின்னால் வரும் முக்கிய வளையம் 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன் அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன். மற்றக் கம்பிகள் 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. பொருள், குளிர்நிலையில் இழுத்த ஒட்டில்லாத கார்பன் எஃகுக் குழாய். கடையில் சி.டி.எஸ். குழாய் என்று கேளுங்கள். கேட் செய்யும் பட்டறையில் இருக்கும் இ.ஆர்.டபிள்யூ. குழாயில் நீளவாக்கில் ஒட்டு இருக்கும். வண்டி உருண்டால் அந்த ஒட்டு பிளந்துகொள்ளும்.

எடையைக் குறைக்க விதிக்குள்ளேயே வழி இருக்கிறது. 45-க்கு 2.5 குழாய் மீட்டருக்கு 2.6 கிலோ, 50-க்கு 2 குழாய் 2.4 கிலோ. 38-க்கு 2.5 குழாய் 2.2 கிலோ, 40-க்கு 2 குழாய் 1.9 கிலோவுக்குள். இருபத்தைந்து மீட்டர் குழாய் போகும் ஒரு கேஜில் விட்டம் கூடிய, தடிமன் குறைந்த குழாயைத் தேர்ந்தாலே ஆறேழு கிலோ மிச்சமாகும். வளைக்கும்போது நசுங்காமல் வளைக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். வண்டியில் மற்ற இடங்களில் கிராம் கிராமாகக் குறைப்பதே கேஜ், சீட், பெல்ட், தீயணைப்பான் ஆகியவற்றுக்கு மனநிம்மதியோடு எடையைச் செலவிடுவதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஃபைபர் பக்கெட் சீட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

சீட்டின் பின்னால் எஃப்.ஐ.ஏ. ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். 8855-1999 என்ற தரத்தில் செய்த சீட்டுக்குத் தயாரித்த நாளில் இருந்து ஐந்து ஆண்டுதான் ஆயுள். ஸ்டிக்கர் இல்லாத சீட் எவ்வளவு லேசாக இருந்தாலும் வேண்டாம். அதைத் தாங்கும் பிராக்கெட்டை இரும்பிலேயே செய்து, மேலே சொன்ன குறுக்கு உத்திரத்தில் பிடியுங்கள். வெறும் தரைத் தகட்டில் போல்ட் போட்டால் மோதலில் தகட்டோடு பிய்ந்து வரும்.

பேட்டரியை மாற்றினால் எவ்வளவு?

வண்டியோடு வந்த ஈயப் பேட்டரி 10 கிலோ அளவில் இருக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 3 கிலோவுக்குள் முடிந்துவிடும். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று பார்த்தால் விலை அதிகம்தான். இலவசக் குறைப்புகள் எல்லாம் தீர்ந்த பிறகு வாங்குங்கள். அதுவரை பழைய பேட்டரியையே இடம் மாற்றி வைத்தும் பலன் காணலாம். மூலை எடை, அதாவது ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் எடை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அலாய் வீலுக்குச் செலவு செய்வது வீணா?

நிச்சயமாக இல்லை. சக்கரம் வண்டியோடு முன்னால் போகிறது, தானும் சுழல்கிறது. அதனால் டயர் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் கிட்டத்தட்ட இரண்டு கிலோவாக நடந்துகொள்ளும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை என்பதால், அது குறைந்தால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாமல் பிடிக்கும். ஆனால் அலாய் என்றாலே லேசு என்று நம்பிவிடாதீர்கள். அழகுக்காகச் செய்த பெரிய அலாய்களில் சில, பழைய 13 அங்குல இரும்புச் சக்கரத்தைவிடக் கனமானவை. தொங்கு தராசைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போகலாம்.

குறைந்தபட்ச எடைக்கும் கீழே போய்விட்டால் என்ன ஆகும்?

பந்தயம் முடிந்ததும் எடை போட்டு, குறைவாக இருந்தால் முடிவில் இருந்து நீக்கிவிடுவார்கள். ஓடும்போது பெட்ரோலும் டயரும் குறையும் என்பதையும் கணக்கில் வைத்துச் சில கிலோ கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மட்டுமா, ஓட்டுபவரும் சேர்த்தா என்பதை விதிப்புத்தகத்தில் பாருங்கள்.

விதி எடைக்குக் கீழே போக முடிந்தால் அது நல்ல செய்தி. குறையும் எடையை பேலஸ்டாக, அதாவது தனியே சேர்க்கும் எடையாக, நீங்கள் விரும்பும் இடத்தில் வைக்கலாம். கட்டியான உலோகத் துண்டாக, தரையில், ஸ்பானர் இல்லாமல் கழற்ற முடியாதபடி போல்ட் போட்டு, பார்வையில் படும்படியும் சீல் வைக்கும்படியும் இருக்க வேண்டும். மணல் மூட்டை, கயிறு, டேப் எதுவும் செல்லாது. மோதலில் அவிழ்ந்த 10 கிலோ இரும்பு உங்கள் தலைக்குப் பின்னால் இருந்து வரும்.

எல்லாம் கழற்றிய பிறகு பின்பக்கம் வழுக்குகிறது. பிரேக் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறது. ஏன்?

நோட்டை எடுத்துப் பாருங்கள். கழற்றியதில் பெரும்பகுதி பின்பக்கத்தில் இருந்து வந்திருக்கும்: பின்சீட், ஸ்டெப்னி, டிக்கி. இன்ஜின் முன்சக்கரங்களைச் சுழற்றும் வண்டியில் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. இப்போது இன்னும் லேசாகிவிட்டது. ஆனால் பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தம், பின்சீட்டில் ஆள் உட்காரக்கூடிய வண்டிக்காக அளந்து வைத்தது. டயரை அழுத்தும் எடை குறைந்ததால் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்கிறது. விதி அனுமதித்தால் பின்பிரேக் அழுத்தத்தைத் திருகிக் குறைக்கும் வால்வு ஒன்று போடுங்கள். அனுமதிக்காவிட்டால் பின்பக்க லைனிங்கின் தரத்தை மாற்றிப் பார்க்கலாம்.

ஸ்பிரிங்கும் கணக்கில் வரும். பின்னால் 50 கிலோ குறைந்தால் ஒரு பக்கத்துக்கு 25 கிலோ. சக்கரத்தில் அளந்த விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றால் பின்பக்கம் 12 மில்லிமீட்டர் மேலே எழும்பிவிடும். வண்டி மூக்கைக் கீழே போட்டு நிற்கும். சக்கரக் கோணங்களும் மாறியிருக்கும். ஆகவே எடைக் குறைப்பு முடிந்ததும் உயரத்தைச் சரிசெய்து, அதற்குப் பிறகு அலைன்மென்ட் பாருங்கள். வரிசை மாறினால் அலைன்மென்ட் செலவு இரண்டு முறை.

நான்கு மூலை எடை என்கிறார்களே, அதற்கான இயந்திரம் இல்லாமல் பார்க்க முடியுமா?

முடியும். அரிசி மண்டியிலும் மீன் ஏலக் கூடத்திலும் இருக்கும் 300 கிலோ பிளாட்ஃபார்ம் தராசு நான்கு வேண்டும். 700 கிலோ வண்டியில் முன்சக்கரம் ஒன்றின் மேல் 220 கிலோ அளவில்தான் வரும், அதனால் தாங்கும். நான்கு தராசும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் உயிர்நாடி. கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டத்தை வைத்து, தகடு கொடுத்துச் சமன் செய்யுங்கள். ஓட்டும் சீட்டில் உங்கள் எடைக்கு அரிசி மூட்டையும் சில்லறை எடைக் கற்களும் வையுங்கள். வண்டியை ஏற்றிய பிறகு முன்னும் பின்னும் நாலுமுறை அழுத்தி விடுங்கள், ஸ்பிரிங் தன் இடத்தில் உட்காரட்டும்.

முன்வலது எடையையும் பின்இடது எடையையும் கூட்டுங்கள், அதுதான் குறுக்கு எடை. மொத்தத்தில் பாதி வந்தால் வண்டி இடது வளைவிலும் வலது வளைவிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். நம் நாட்டில் ஓட்டுபவர் வலப்புறம் என்பதால் வலப்புறம் கனமாகவே வரும். அதனால்தான் பேட்டரியை இடப்பக்கம் பின்னால் கொண்டுபோகச் சொல்கிறோம். பேலஸ்ட் இருந்தால் அதையும் இடப்பக்கம். குறுக்கு எடையின் மிச்ச வித்தியாசத்தை, உயரம் மாற்றும் வசதி உள்ள ஸ்பிரிங் இருந்தால், எதிரெதிர் மூலைகளைச் சிறிது சிறிதாகத் திருகிச் சரிசெய்யலாம்.

நானே பத்து கிலோ குறைத்துவிட்டால் இவ்வளவு வேலையும் வேண்டாமே?

உடல்நலத்துக்காகக் குறைத்தால் மகிழ்ச்சி. பந்தயத்துக்கு முந்தைய வாரம் பட்டினி கிடந்தோ தண்ணீர் குடிக்காமலோ குறைக்காதீர்கள். தீத்தடுப்பு உடையும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, ஏ.சி. கழற்றிய இரும்புப் பெட்டிக்குள் சென்னை வெயிலில் உட்காரப் போகிறீர்கள். உடலில் நீர் குறைந்தால் முதலில் போவது கவனம்.

இந்த வண்டியை ஈ.சி.ஆரில் ஓட்டிக்கொண்டே சென்னைக்குப் போகலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. பி.ஒய். எண்ணாக இருந்தாலும் டி.என். 31 ஆக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். மோதல் ஏற்பட்டால் காப்பீடும் கைவிடும். அதைவிட முக்கியம், ஹெல்மெட் இல்லாமல் ரோல் கேஜ் வண்டியில் உட்கார்ந்தால் சின்ன மோதலிலேயே தலை கம்பியில் அடிபடும். டிரெய்லரோ டெம்போவோ அமர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே லாரியில் ஏற்றினால் செலவு தாங்கக்கூடியதாக இருக்கும். இனி ஒருபோதும் சாலைக்கு வராத வண்டி என்றால், பதிவை ரத்து செய்வது பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், 55-ஆம் பிரிவு அதைப் பற்றியது.

நூறு கிலோ குறைத்தும் லேப் நேரம் அப்படியே இருக்கிறது. எங்கே தவறு?

முதலில் டயர் அழுத்தத்தைப் பாருங்கள். எடை குறைந்த வண்டி டயரைக் குறைவாகவே சூடாக்கும். போன சீசனில் வைத்த அழுத்தம் இப்போது அதிகம். இரண்டிரண்டு பி.எஸ்.ஐ. ஆகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் சூடான அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, உயரமும் அலைன்மென்ட்டும் மேலே சொன்ன வரிசையில் சரிசெய்யப்பட்டனவா என்று பாருங்கள். டாம்பரும் (ஷாக் அப்சார்பர்) பழைய எடைக்கு வைத்ததாக இருந்தால் வண்டி மேடுகளில் துள்ளும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நேரம் குறையவில்லை என்றால், நீங்கள் இன்னும் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். பிரேக் பிடிக்கும் இடமும் வளைவுக்குள் நுழையும் வேகமும் பழைய எடைக்குப் பழகியவை. இருங்காட்டுக்கோட்டைப் பாதை 3.7 கிலோமீட்டர், அங்கே பயிற்சி நாளில் ஒரே ஒரு வளைவைத் தேர்ந்துகொண்டு, சுற்றுக்குச் சுற்று பிரேக்கைச் சில மீட்டர் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். அந்த வளைவில் வண்டி எவ்வளவு தாங்குகிறது என்பது பிடிபட்ட பிறகு அடுத்த வளைவுக்குப் போங்கள். வெளியே ஓட அகலமான மண்தரை உள்ள வளைவாகப் பார்த்துத் தொடங்குங்கள்.